கேட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்: கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடக்கலையும் நிலவடிவமைப்பும் (லேண்ட்ஸ்கேப்) கற்றுத்தரும் கல்லூரிகளின், பல்கலைக்கழகத் துறைகளின் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கும் சின்ன கான்ட்ராக்டர். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகள். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டி. உங்கள் கல்லூரிகளில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், போஸ்டரில் ‘அனைவரும் வரலாம்’ என்று போட்டிருந்ததை நம்பிப் போனவன் என்பதுதான்.

போஸ்டர்கள் அழகாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. எனக்கு டிராயிங் போட்டுத் தரும் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பார். நேரம்தான் இடிக்கும். வியாழக்கிழமை பிற்பகல் 2 மணி. வேலைக்குப் போகிற எவராலும் வர முடியாத நேரத்தைப் பார்த்து வைத்த மாதிரி இருக்கும். எப்படியோ சமாளித்துப் போனால் கேட்டில் செக்யூரிட்டி “யாரைப் பார்க்கணும்?” என்பார். லெக்சர் கேட்க வந்தேன் என்றால் “எந்த காலேஜ்?” என்பார். எந்த காலேஜும் இல்லை என்றால் அவருக்கு என்னை என்ன செய்வதென்று தெரியாது. பாவம், அவர்மேல் தப்பில்லை. ஒரு கல்லூரியில் ரெஜிஸ்டரில் வந்த காரணம் என்ற கட்டத்தில் ‘மெட்டீரியல் டெலிவரி’ என்று எழுதியதும்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே ஏசி ஹால். முதல் இரண்டு வரிசை விருந்தினர்களுக்கு. மற்ற நாற்காலிகளில் மாணவர்கள், அவர்களில் பாதிப் பேர் அட்டெண்டன்ஸுக்காக. குத்துவிளக்கு, அறிமுகம், சால்வை, நினைவுப் பரிசு என்று அரை மணி போகும். தமிழ்த்தாய் வாழ்த்து பாடி முடித்ததும் அன்றைக்குத் தமிழும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் ஸ்லைடு. கடைசியில் ‘நேரமின்மை காரணமாக’ இரண்டே கேள்வி, இரண்டையும் அதே கல்லூரிப் பேராசிரியர்களே கேட்பார்கள். அப்புறம் டீ, சமோசா, குரூப் போட்டோ.

கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. உரைகள் மோசம் என்றும் சொல்ல வரவில்லை. சில உரைகளைக் கேட்டுவிட்டு வந்து இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். அதனால்தான் ஆதங்கம். இவ்வளவு விஷயம் நாலு சுவருக்குள் பேசப்பட்டு, அங்கேயே கரைந்து போகிறது. அதைக் கேட்க வேண்டிய ஆட்களோ மூன்று கிலோமீட்டர் தள்ளி அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் அம்மா பேச வந்திருந்தார். நாற்பது நிமிடம் ஸ்லைடு ஓடியது, எல்லாம் வெளிநாட்டுப் பூங்காக்கள். அப்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட ஆள் தேடிப் போனார்கள். சும்மா நிற்கப் பிடிக்காமல் அந்த அம்மா வெள்ளைப் பலகையில் இடமிருந்து வலமாக ஒரு சரிவுக் கோடு இழுத்தார். மைக் இல்லாததாலோ என்னவோ தமிழுக்கு மாறிவிட்டார். “இது தாம்பரம் பக்கம், மேடு. இது பள்ளிக்கரணை, பள்ளம். நடுவில் என்னென்ன இருக்கு சொல்லுங்க” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே எழுதினார். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அப்புறம் நாராயணபுரம், கடைசியில் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் பக்கம் கடல். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு கோடு. பிறகு சிவப்பு மார்க்கரை எடுத்து அந்தக் கோடுகள்மேல் வீடு வீடாக வரைய ஆரம்பித்தார்.

பின்வரிசைப் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். டீ கேனோடு வாசலில் நின்றிருந்த கேன்டீன் அண்ணன் அங்கிருந்தே கேட்டார்: “அப்போ எங்க தெருவுல தண்ணி நிக்கிறது இதனாலதானா மேடம்?” அவர் வீடு நாராயணபுரம் பக்கம். அந்த அம்மா எந்தத் தெரு என்று விசாரித்து, பலகையில் ஓர் இடத்தில் புள்ளி வைத்தார். புள்ளி இரண்டு கிண்ணங்களுக்கு நடுவில் இருந்த கோட்டின்மேல் விழுந்தது. ஹாலில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவரும் ஸ்லைடுக்குத் திரும்பி, ஆங்கிலத்தில் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தை ஒன்றரை மணி நேரமாக நீட்டி, அந்தக் கேன்டீன் அண்ணனை உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைக்க முடியாதா? இந்த மடல் மொத்தமும் இதைக் கேட்கத்தான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த ஊரைக் கட்டுகிறவர்கள் உங்கள் ஹாலில் இல்லை. எங்கள் பக்கத்தில் எழும்பும் வீடுகளில் ஒரு ஆர்க்கிடெக்டின் கை படாதவைதான் அதிகம். மனைக்காரர் ஒரு டிராஃப்ட்ஸ்மேனிடம் பிளான் போடுவார், வாஸ்து பார்ப்பவர் அதில் சமையலறையை நகர்த்துவார், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், மேஸ்திரி கட்டுவார். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை மற்றவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தடுக்கிறதே தவிர, அந்த வேலையை மற்றவர்கள் செய்வதைத் தடுப்பதில்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. ஆக, ஐந்து வருடம் படித்து வெளியே வரும் உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் எங்கள் தெருவுக்கு வரப்போகிறார்கள்? அவர்கள் வரட்டும் என்று நாங்கள் காத்திருக்கவும் முடியாது. அவர்கள் படித்ததில் ஒரு பங்காவது நேராக மேஸ்திரியின் காதுக்குப் போக வேண்டுமென்றால், இப்போதைக்குப் பொதுச் சொற்பொழிவை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

லேண்ட்ஸ்கேப் விஷயத்தில் இது இன்னும் மோசம். வீட்டுக்காரரிடம் லேண்ட்ஸ்கேப் என்று சொல்லிப் பாருங்கள். கொரியன் புல், நாலு பாம் மரம், முடிந்தால் ஒரு குட்டி நீரூற்று என்று நினைத்துக்கொள்வார். பணக்காரர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அதே வீட்டுக்காரர் மனையில் மிச்சமிருக்கும் நாலு பக்கத்து மண்ணையும் பேவர் பிளாக் போட்டு மூடச் சொல்வார். அதுவும் லேண்ட்ஸ்கேப் முடிவுதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். பேவர் போடுவதற்கு அவரிடம் நியாயமான காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் சேறு வீட்டுக்குள் வரும். பக்கத்தில் காலி மனை இருந்தால் பாம்பு வரும், எங்கள் ஏரியாவில் இது கற்பனைப் பயம் இல்லை. வண்டி நிறுத்த வேண்டும், துணி காயப்போட வேண்டும். மூன்றடிச் சந்தில் செடி வைத்தால் வேர் சுவரைப் பிடிக்கும் என்று மேஸ்திரி வேறு பயமுறுத்துவார். “மண்ணை மூடாதீர்கள்” என்று மேடையில் சொல்வது சுலபம். பாம்பும் வராமல், சேறும் வராமல், தண்ணீரும் உள்ளே இறங்குகிற மாதிரி மூன்றடிச் சந்தை எப்படிப் போடுவது? எந்த மரத்தின் வேர் அஸ்திவாரத்தை விட்டு விலகிப் போகும்? முருங்கையைச் சுவரை ஒட்டி வைக்கலாமா? நாங்கள் கேட்க நினைப்பது இந்த மாதிரிக் கேள்விகளை. உங்கள் ஸ்டூடியோ என்கிற டிசைன் வகுப்புக்கு ஒரு செமஸ்டர் முழுக்க இதில் வேலை இருக்கிறது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி, சுமாராக 111 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு மனைமேல் மட்டும் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் பன்னிரண்டு, பதிமூன்று லாரி. இதை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினால் மனைக்காரர்கள் கண்ணை விரிக்கிறார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. ஒரு லாரிக்கு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும். எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தது பாலிடெக்னிக் இல்லை. நான் திருட்டுத்தனமாக நுழைந்து கேட்ட ஓர் உரைதான்.

மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நல்ல சட்டம். சைட்டில் நடப்பது வேறு. மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி, ஜல்லியும் மணலும் கொட்டி, மூடி போட்டு, போட்டோ எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மாடிக் குழாயை அதில் விடாமல் தெருவுக்கே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. விட்டாலும், அந்தக் குழியை வருடத்துக்கு ஒருமுறை தூர்வார வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய கோளாறு, எல்லா ஊரிலும் ஒரே குழி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் தண்ணீர் சர்ரென்று இறங்கும். வேளச்சேரி, மேடவாக்கம் களிமண்ணில் அதே குழி தொட்டி மாதிரி நிரம்பி நிற்கும், அங்கே குழிக்குள் துளை போட்டுக் களிமண்ணைத் தாண்டினால்தான் பிரயோஜனம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. (அந்தப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லை வைத்து வந்த பெயராம். அந்தக் கல்லே நம் பல்லாவரம் வட்டாரத்திலிருந்து போனது என்பார்கள். இதைக் கேட்டதிலிருந்து என் ஜல்லிக் குவியலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.) மண்ணுக்கு மண் குழி மாற வேண்டும் என்பதை ஒரு மணி நேரத்தில் எந்தக் கொத்தனாருக்கும் புரியவைக்கலாம். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாததா? தினமும் கையில் அள்ளுகிறவர். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ரோடு கதையும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் தெருக்கள் உயர்ந்துகொண்டே வந்தன. வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டில் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டையே ஜாக்கி வைத்து மூன்றடி, நாலடி தூக்கும் வேலை எங்கள் பக்கம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இன்னும் கொஞ்சம். இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் பிளான் பற்றிப் பேசுவதற்கு முன்பே “பேஸ்மென்ட் எத்தனை அடி தூக்கலாம்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் அஞ்சடி தூக்கினால் அவர் மனைத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது, பக்கத்து மனைக்காரர் அடுத்த வருடம் ஆறடி தூக்குகிறார். ஒரு தெரு மொத்தமும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை ஒவ்வொருவராக என்னிடம் வந்து முடிவு செய்கிறார்கள். எனக்கு வியாபாரம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

ஏரிமேல் ஊர் கட்டுவது எங்கள் தலைமுறை ஆரம்பித்தது என்று சொல்லிவிடாதீர்கள். 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது. 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பக்கத்தில்தான். அதெல்லாம் படித்தவர்கள் திட்டம் போட்டுச் செய்தவை.

உரைகளுக்கு எடுத்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். லேண்ட்ஸ்கேப் உரை என்றால் முதல் ஸ்லைடு ஐந்திணை. குறிஞ்சி, முல்லை என்று ஐந்து படம் வந்துபோகும். அதற்குப் பிறகு உரை முடியும்வரை திணைக்கு வேலையே இருக்காது. அப்புறம் சிங்கப்பூர். அப்புறம் இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் லுனுகங்கா தோட்டம். நானும் அந்தத் தோட்டத்தின் படங்களை வாய்பிளந்து பார்த்தவன்தான். 1948இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஒரு மனிதர் ஒரே நிலத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பது எந்தத் தொழில்காரனுக்கும் பாடம். ஆனால் அதே பாவா மதுரையில் கிளப் கட்டியிருக்கிறார், சென்னை கன்னிமரா ஓட்டலை மாற்றியமைத்திருக்கிறார் என்பதை எந்த உரையிலும் நான் கேட்டதில்லை. நம் வெயிலில், நம் ஆட்களை வைத்து அவர் எப்படி வேலை வாங்கினார் என்று ஒருவர் பேசினால் நான் சைட்டுக்கு லீவு விட்டுவிட்டு வருவேன்.

உள்ளூரிலேயே எவ்வளவு இருக்கிறது! 2010 நவம்பரில் கதீட்ரல் சாலையில், பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் செம்மொழிப் பூங்காவைத் திறந்தார்கள். இரண்டே மாதம் கழித்து அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தது. முதலாவது, பூவும் புல்தரையும் அழகுச் செடிகளும் நிறைந்த தோட்டம். இரண்டாவது, கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த ஓடையைச் சுத்தம் செய்து, சீமைக்கருவேலத்தை அகற்றி, ஆரோவில் பிச்சாண்டிக்குளம் குழுவின் துணையோடு இந்த மண்ணுக்குரிய மரங்களையும் அலையாத்தியையும் நட்டு, கடல் தண்ணீர் ஏறி இறங்க வழிவிட்டது. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே நேரம், இரண்டு நேர் எதிரான யோசனைகள். முதல் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. இரண்டாவதில் பல ஆண்டுகள் முன்பதிவு செய்தவர்கள்தான் உள்ளே போக முடிந்தது. எது சரி, யாருக்குச் சரி என்று இரண்டு பேரை மேடையில் ஏற்றிச் சண்டை போடவிட்டால் ஹால் நிறையாதா? என் கருத்து இரண்டாவதன் பக்கம். என் வீட்டம்மா முதலாவதன் பக்கம், “குழந்தைங்க ஓடியாட இடம் வேண்டாமா?” என்பார். எங்கள் வீட்டிலேயே இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் என்ற சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. அப்படியென்றால் என்ன, அதன் ஓரத்தில் மனை வைத்திருப்பவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எங்கள் ஏரியாவில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. தெரிந்தவர்கள் வந்து மேப்பை விரித்து வைத்துப் பேசலாம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் நகர்களில் அந்த ஒதுக்கீட்டு இடம் எங்கே இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கத் தலைவருக்கே பல சமயம் தெரியாது. தெரிந்த இடங்களிலும் சுற்றி கிரில் போட்டு, நடுவில் பேவர் போட்டு, ஓரத்தில் உடற்பயிற்சிக் கருவி வைத்துப் ‘பூங்கா’ என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தை மழை நாளில் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பள்ளமாக, மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடும் திடலாக வைத்துக்கொள்ள முடியும் என்று உங்கள் மாணவர்கள் தீசிஸில் வரைந்து வைத்திருப்பார்கள். ஜூரி என்கிற மதிப்பீடு முடிந்ததும் அந்த ஷீட்டுகள் எங்கே போகின்றன? எங்கள் சங்கக் கட்டடச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

வெளியூரில் எப்படி நடத்துகிறார்கள் என்றும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அமெரிக்காவில் லேண்ட்ஸ்கேப்பை முதன்முதலில் பட்டப்படிப்பாக்கியது ஹார்வர்டு, 1900இல். அங்கே வடிவமைப்புப் பள்ளியில் நடக்கும் மாலை உரைகளுக்கு டிக்கெட் கிடையாது, ஊர்க்காரர்கள் யாரும் போய் உட்காரலாம். பிறகு யூடியூபிலும் போட்டுவிடுகிறார்கள், நானே சிலவற்றைப் பார்த்திருக்கிறேன், பாதிதான் புரிந்தது என்றாலும். லண்டனில் 1847இல் தொடங்கிய ஏ.ஏ. (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) கட்டடக்கலைப் பள்ளியிலும் பொது உரை என்றால் நிஜமாகவே பொது உரை. அகமதாபாத்தில் 1962இல் ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியில், கட்டடத்துக்கு அடியிலேயே நிழலாகத் திறந்த இடம் விட்டு, அங்கே உட்கார்ந்து பேசும்படி வைத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர், செலவைக் குறைத்து வீடு கட்டுவது எப்படி, செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டு எலிப்பொறிக் கட்டாக அடுக்கி எப்படி மிச்சம் பிடிப்பது என்று தன் கையாலேயே படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதினார். பேராசிரியர்களுக்காக எழுதியவை இல்லை அவை. வீடு கட்டப் போகிறவனுக்காக எழுதியவை. என் பெரிய மேஸ்திரிக்கு அந்தப் படங்களைக் காட்டினேன். எழுத்தைப் படிக்காமலே முக்கால்வாசி சொல்லிவிட்டார், மிச்சக் கால்வாசியில் சண்டைக்கு வந்தார். “இந்தக் கட்டுல கன்சீல்டு பைப் எப்படி எடுப்பீங்க?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும்.

தமிழில் நடத்தினால் யார் வருவார்கள் என்று தயங்க வேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நடக்கும் உரைகளுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டி நடக்கும் பேச்சுகளுக்கும் தெரு நடைகளுக்கும், பெரியவர்கள் காலையிலேயே தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடுகிறார்கள். இந்த ஊர் மனிதர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றிக் கேட்க அலுப்பதில்லை. உங்களிடம் அதைவிட அதிகமாகச் சரக்கு இருக்கிறது.

எதிர்ப்பேச்சு என்னவாக இருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். தரம் குறைந்துவிடும் என்பீர்கள். கரண்ட் போன அந்தப் பத்து நிமிடத்தில் தரம் எங்கே குறைந்தது? அன்றைக்கு நான் கேட்டதிலேயே கடினமான விஷயம் அதுதான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. பாதுகாப்பு என்பீர்கள். விடுதிப் பெண் பிள்ளைகள் இருக்கும் வளாகம், யாரையும் எப்போதும் விட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஹால் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதை மட்டும் திறக்கலாம். இல்லையென்றால் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். ஆடியும் மார்கழியும் அவை சும்மாதான் கிடக்கின்றன, மைக்செட்டோடு மலிவாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில்தான் பேச வரும் என்கிற பேராசிரியர்கள் ஆங்கிலத்திலேயே பேசட்டும், பக்கத்தில் ஒரு மாணவரை நிறுத்திச் சொல்ல வைக்கலாம். இதில் அதிகம் கற்றுக்கொள்ளப் போவது அந்த மாணவர்தான். கொத்தனாருக்குப் புரிகிற மாதிரி, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு செக்‌ஷனை விளக்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு சைட்டில் திணறாது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. இந்த உரைகளெல்லாம் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் அமைப்புக்கு ஃபைலில் காட்டுவதற்காக நடத்தப்படுபவை என்று உங்கள் ஆட்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். இருக்கட்டுமே. ‘பொதுமக்கள் நூறு பேர் பங்கேற்றனர்’ என்று நிஜப் போட்டோவோடு ஃபைலில் போட்டால் அவர்கள் மார்க்கைக் குறைக்கவா போகிறார்கள்?

மேடையில் யாரை ஏற்றுவது என்பதிலும் கொஞ்சம் தாராளம் காட்டுங்கள். பொதுப்பணித் துறையில் ஏரி மதகைத் திறந்து மூடி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். நர்சரி வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கன்று எந்த மண்ணில் பிழைக்கும் என்பது அத்துப்படி. 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்திய மாநகராட்சி ஊழியரைக் கேட்டால், எந்த மரம் வேரோடு சாய்ந்தது, எது கிளை ஒடிந்து தப்பித்தது, அடிமரம்வரை சிமெண்டு பூசிய மரங்கள் என்ன ஆயின என்று சொல்வார். இவர்களையும் உங்கள் பேராசிரியரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். சால்வை ஆளுக்கொன்று போட்டால் போதும், மேடையில் மணிக்கணக்காகப் போட வேண்டாம்.

நாள் விஷயத்தில் ஒரு குறிப்பு. சனிக்கிழமை எங்களுக்குக் கூலி போடும் நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கணக்கு முடித்து, ஆட்கள் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நேரம், அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணி நல்ல நேரம். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளோடுதான் வருவார்கள், அதனால் பிள்ளைகள் உட்கார்ந்து படம் போட ஒரு மூலையும் நாலு பெட்டி கிரேயானும் வையுங்கள். உங்கள் முதலாம் ஆண்டு மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஹால் ஏசியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபேன் ஓடினால் போதும்.

முதல் உரைக்கு ஆள் வராது என்று பயந்தால் அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் சைட்டில் வேலை செய்யும் கொத்தனார்கள், பெரியாட்கள், சென்ட்ரிங் மேஸ்திரி, பிளம்பர் என்று ஒரு வேன் நிறைய அழைத்து வருகிறேன். இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மனைக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பேவர் போடலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை, நானும் அவரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். ரூஃப் கான்கிரீட் போடும் நாளாக இருந்தால் வர முடியாது, மிக்சர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிடும்.

இப்படிக்கு,
தாம்பரம் பக்கம் வீடு கட்டித் தரும் ஒரு கான்ட்ராக்டர்